ராஜா நாடு கடத்திய சொல்

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா ஒரு சொல்லை நாடு கடத்தினார். ஆளை நாடு கடத்தலாம், அடங்காத யானையைக்கூட நாடு கடத்தலாம். சொல்லை எந்த எல்லையில் கொண்டுபோய் விடுவது என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ராஜா அப்போதுதான் மனைவியைப் பறிகொடுத்திருந்தார்.

அரசி வடிவுடையாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதை நாட்டுக்கு முரசறைந்து சொல்லவேண்டும். எந்தச் சொல்லால் சொல்வது என்று ஆஸ்தானப் பண்டிதர்கள் கூடி உட்கார்ந்தார்கள். சாவு எல்லாருக்கும் ஒன்றுதான். சொல்தான் ஆளுக்கு ஆள் மாறும். அடியார் சிவபதம் அடைவார், பண்டிதர் காலமாவார், பக்கத்து வீட்டுக்காரர் தவறிப்போவார், கூலிக்காரன் செத்துப்போவான், நமக்கு வேண்டாதவன் மண்டையைப் போடுவான். அரசி என்ன ஆவாள்?

"விண்ணுலகு புகுந்தார் எனலாம்" என்றார் ஒருவர்.

"புகுந்தார் என்றால் சுவரேறிக் குதித்ததுபோல் இருக்கிறது. எய்தினார் என்பதே சிறப்பு" என்றார் தலைமைப் புலவர் சோமநாதர்.

பக்கத்து அறையில் அரசியின் உடம்பு கிடக்கிறது. இங்கே வெற்றிலையை மென்றுகொண்டு எய்தினாரா, புகுந்தாரா என்று சண்டை. ராஜா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். அந்தக் கோபத்தில் அவர் போட்ட ஆணைதான் அநியாயம்.

"அந்தச் சொல்லும் அதன் பங்காளிச் சொற்களும் இனி என் நாட்டில் ஒலிக்கக் கூடாது. சொன்னவன் நாக்கை இழப்பான்!"

ஆணையைக் காக்கும் வேலை சோமநாதரிடமே வந்தது. சாவைக் குறிக்கும் சொற்களில் எவையெவை பங்காளிகள் என்று அவருக்குத்தானே தெரியும்? ஊரெங்கும் ஒற்றர்களை நிறுத்தினார். "வெயிலில் செத்தேன்" என்று சொல்லிக்கொண்டு மரத்திலிருந்து இறங்கிய பனையேறி ஒருவன் பிடிபட்டான். விளையாட்டுக்குச் சொன்னான் என்று நாக்கை விட்டுவிட்டார்கள், முதுகை விடவில்லை. அதற்குப் பிறகு ஊரில் சாவு விழுந்தால் ஒப்பாரி இல்லை, பறை இல்லை. சனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு, ஒளித்து ஒளித்துத் தூக்கிப் போனார்கள்.

இப்படி மூன்று மாதம் போயிற்று. அப்போது கிணறு வெட்டுகிற பேச்சிமுத்துவின் மேல் மண் சரிந்தது. பட்டப்பகலில், ஒற்றர்கள் பார்த்திருக்க, அவனை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். சுடுகாட்டுக்குப் போய் விறகு கேட்ட அவன் மனைவி இருளாயியிடம் காவல்காரன், "விறகு எதுக்கு? என்ன நடந்துச்சு, சொல்லு" என்றான். பக்கத்தில் சோமநாதரின் ஒற்றன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இருளாயி திரும்பிவிட்டாள். எழவு வீட்டுக்குப் போனாலே குற்றமாகிவிடுமோ என்று பயந்து அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் பேச்சிமுத்து கிடந்தது கிடந்தபடி கிடந்தான்.

மறுநாள் காலையில் அவள் விகடன் வெயிலுகந்தானைத் தேடிப் போனாள். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். அரசி போனதிலிருந்து அவனுக்கு வேலையில்லை. இருளாயி என்ன நடந்ததென்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா, தாயி? பொம்பளைக வழக்கை அரசியம்மாதான கேப்பாக? உச்சிக்கு அவுக மண்டபத்துல போயி உக்காருங்க" என்றான் வெயிலுகந்தான்.

"அரசியம்மாதான்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அதேதான். நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. போங்க."

அவன் மண்டபத்தைத் திறந்தான். அரசியின் ஆசனத்தைத் துடைத்துப் பட்டு விரித்தான். விளக்கேற்றி, வெற்றிலைத் தட்டு வைத்து, தாதியை விசிறியோடு நிற்கச் சொன்னான். செய்தி பரவி, குறையுள்ள பெண்களெல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். இருளாயி முன்வரிசையில் இருந்தாள்.

சோமநாதர் அரண்மனைக்கு ஓடினார். தம் பாட்டுக்குக் கொட்டாவி விடுகிற ராஜா அந்த விகடனின் அரைச் சொல்லுக்கு விழுந்து விழுந்து சிரிப்பது அவருக்கு நெடுநாளைய வயிற்றெரிச்சல். "மகாராஜா! வெயிலுகந்தான் அரசியாரின் ஆசனத்தைக் கேலிக்கூத்தாக்கிவிட்டான். இதற்கு அவன் தலையே விலை!"

ராஜா உருவிய வாளோடு வந்தார். வெறும் ஆசனத்துக்கு வீசிக்கொண்டிருந்த விசிறி நின்றது.

"வெயிலுகந்தா, என்ன நடந்ததென்று உனக்குத் தெரியாதா?"

"தெரியாது, மகாராஜா. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதென்பது தங்கள் ஆணை. அரசியார் நெடுநாளாக மண்டபத்துக்கு எழுந்தருளவில்லை என்பது மட்டும் தெரியும். ஏன் என்று அறிவிக்கப்படாதவரை ஊழியம் நிற்கலாகாது. ஆகவே விளக்கேற்றினேன், வெற்றிலை வைத்தேன். இவர்கள் காத்திருக்கிறார்கள்."

ராஜா அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் இருளாயி பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன குறை, அம்மா?"

"சொன்னா நாக்கு போயிரும், மகாராசா" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரரு நேத்துலருந்து படுத்துக் கெடக்காரு. எழுப்பிப் பாத்தேன், எந்திரிக்கல. அரசியம்மாவும் எந்திரிக்கலன்னு பேசிக்கிட்டாக. எந்திரிக்காதவுகள என்ன செய்யணும்னு அரசியம்மாகிட்டயே கேக்கலாம்னு வந்தேன். அவுக வருவாகளா, மகாராசா?"

பாவம், அவள் சூது வாது வைத்துக் கேட்கவில்லை. வீட்டில் கிடக்கும் புருஷனுக்கு ஒரு வழி பிறக்கவேண்டும் என்றுதான் கேட்டாள். ராஜா ஆசனத்தைப் பார்த்தார். வாள் கீழே விழுந்தது. அவர் அப்படியே வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"வரமாட்டா, தாயே" என்றார். "என் வடிவு செத்துப்போயிட்டா."

சோமநாதருக்குப் பொறுக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா? "மகாராஜா, அரசியாரை அப்படிச் சொல்லலாகாது. விண்ணுலகு எய்தினார் என்பதே..." என்றவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். மூன்று மாதத்துச் சிரிப்பு மொத்தமாக வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகிவிட்டது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு அவரை அழவிட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆணை இன்றோடு ஒழிந்தது. புலவரே, நாக்கை நீரே வைத்துக்கொள்ளும்" என்றார். "வெயிலுகந்தா, நீ என்ன பரிசு கேட்டாலும் தருகிறேன்."

"தோள் வேண்டும், மகாராஜா. பேச்சிமுத்துவைத் தூக்க நாலு பேர் இல்லை. அவன் தம்பி இருக்கிறான், நான் இருக்கிறேன். மற்றவர்கள் பயத்தில் கதவைத் திறக்கவில்லை."

ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். "வடிவை யார் யாரோ தூக்கிப் போனார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டேன்" என்று சொல்லி எழுந்தார். வாசலில் திரும்பி, "சோமநாதரே, நீரும் வாரும். உயரம் சரியாக இருக்கும்" என்றார்.

பேச்சிமுத்துவின் பாடை தெருவில் வந்தது. முன்னால் ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் புலவர். ஒரு வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்து, ஒரு பெண் குரல் பயந்து பயந்து, "என்னய்யா விசயம்?" என்று கேட்டது.

"பேச்சிமுத்து செத்துட்டாரு, தாயி. வாங்க" என்றார் ராஜா.

அந்தக் கதவு முழுதாகத் திறந்தது. அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது. பெண்கள் ஓடிவந்து இருளாயியைக் கட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.