காவல் போன தொண்டை

"காவக்காரனை நானே வெட்டி எடுக்கச் சொல்லிட்டேன், அம்மா" என்றார் சீடர் சங்கரபாண்டி.

குரு மரகதம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த ஆசிரமத்தில் குருவுக்கு வயசு குறைச்சல், சீடருக்குக் கவலை ஜாஸ்தி.

"எந்தக் காவக்காரன், அண்ணாச்சி?"

"கோமுவுக்குப் போன வருஷம் டான்சில் எடுத்தோம்லா. கிருமி உள்ள போகாமத் தடுக்கிற சதையே அதுதானாம். எடுத்த பிறகுல்லா சொல்லுதாங்க. இனி பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு தடுப்பா?"

மகள் கோமு அப்பாவின் வேட்டியைப் பிடித்தபடி நின்றாள். வெளியே பம்புசெட்டில் பிள்ளைகள் குதித்துக் கூத்தடித்தார்கள். அவள் கண் அங்கேயே இருந்தது.

"எதுக்கு எடுத்தீங்க?"

"மாசம் தவறாம காய்ச்சல். சோறு இறங்காது. தூக்கத்துல மூச்சு முட்டும். நெஞ்சுல போட்டுக்கிட்டு உக்காந்தே கிடப்பேன்."

"இப்ப?"

"நல்லாத் தூங்குதா. கார்த்திகைல சளி பிடிச்சுது. தானாப் போயிட்டு."

"யாரு விரட்டுனா?"

சங்கரபாண்டி மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர் என்ன சொல்லுதார்?"

"உடம்புல வேற காவல் நிறைய இருக்காம். முதல்ல கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்தாலும் மத்ததெல்லாம் சேர்ந்து பாத்துக்கிடுமாம். பெரியவளானா எப்படி இருக்கும்னு யாரு கண்டா, அம்மா?"

"எனக்கும் தெரியாது" என்றார் குரு.

இதைச் சங்கரபாண்டி எதிர்பார்க்கவில்லை. பாவம், மனுஷனுக்கு முகம் வாடிவிட்டது.

குரு கையைத் துடைத்துவிட்டுக் கோமுவைக் கிட்டே இழுத்தார். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிள்ளை கழுத்தில் கம்பளி மப்ளர், அதுவும் இரண்டு சுற்று.

மெதுவாக அவிழ்த்தார்.

கழுத்து முழுக்க வேர்க்குரு. சில இடத்தில் புண்ணாகியிருந்தது.

குரு கூடையிலிருந்து நுங்கு ஒன்றை எடுத்துச் சீடரின் கையில் வைத்தார்.

சங்கரபாண்டி நுங்குத் தண்ணீரை மகளின் கழுத்தில் தடவினார்.

"காந்துதாம்மா?"

"இல்லப்பா. குளுகுளுன்னு இருக்கு."

கோமு குருவிடம் கேட்டாள்.

"எனக்கு எப்ப நல்லாகும்?"

"அப்பாகிட்ட கேளு, தாயி."

கேட்டாள்.

சங்கரபாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. மப்ளரைத் தேடி நீண்ட மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆயிட்டும்மா" என்றார். "போன வருஷமே ஆயிட்டு."