புல்லுக்குள் ஏகாம்பரம்

திருச்சியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் பரக்கத் நிஷா கம்ப்யூட்டர் கேம் ஆடக் கற்றுக்கொடுத்தாள். துப்பாக்கிச் சண்டை கேம். கற்க வந்தவர்களில் ஏகாம்பரம்தான் வயதில் மூத்தவர். கற்றுக்கொடுக்கிறவளைவிடவும் பல வருஷம் மூத்தவர். அவர் அவளைக் கோச் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் தருகிற அணி. அதில் இடம் கிடைக்காவிட்டால் ஏகாம்பரம் மச்சானுடைய கம்பிக் கடைக்கே திரும்பப் போக வேண்டும். இனி இந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன் என்று வேறு வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

"கோச், இதுல கிராபிக்ஸ மட்டும் மாத்த முடியுமா?"

"முடியாதுண்ணே. இதுல தனி கார்டு கிடையாது. அது பிராசசருக்குள்ளயே இருக்கு. ரெண்டும் ஒரே சிப்பு, போர்டோட பத்த வச்சது."

வேறு வழியே இல்லையா என்று கேட்டார். இன்னொரு ரேம் போட்டால் கொஞ்சம் மூச்சு விடும், அவ்வளவுதான் என்றாள்.

ஏகாம்பரம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எதிராளி ஓடி வருகிற நேரம் பார்த்துப் படம் திக்கி நிற்கிறது, மறுபடி நகரும்போது தான் செத்துக் கிடப்பதாகச் சொன்னார். இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே எங்காவது பதுங்கிக்கொள்ளத்தான் தோன்றுகிறது என்றார். சொல்லும்போதே உள்ளங்கை வேர்வையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"பயமா இருக்கு கோச்."

நிஷா எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். அந்த மாடியிலேயே நல்ல கம்ப்யூட்டர் அவளுடையதுதான், தனி கார்டு போட்டது. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை இதையே எடுத்துப் போங்கள், இப்போது என்னோடு ஆடிப் பாருங்கள் என்றாள். அவருடைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போனாள்.

திரையில் அவர் இதுவரை ஆடியிராத ஒரு மலைச்சரிவு விரிந்தது. ஏகாம்பரம் வாய் பிளந்து பார்த்தார். இடுப்பளவு புல், ஒவ்வொரு தாளும் தனித்தனியாகக் காற்றில் அசைந்தது. படம் எங்கேயும் திக்கவில்லை. புல்லுக்குள் போய்க் குப்புறப் படுத்தார். தன் காலே தனக்குத் தெரியவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சு படபடப்பு அடங்கியது.

ஒரே வெடிச் சத்தம். செத்துப் போனார்.

குருட்டாம்போக்கில் பட்டிருக்கும் என்று நினைத்தார். அடுத்த ஆட்டத்தில் இன்னும் அடர்ந்த புல்லாகப் பார்த்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு படுத்தார். உண்மையான மூச்சை. அதிலும் செத்தார். அதற்கடுத்த ஆட்டத்தில் ஊர்ந்தே புல்லுக்குள் நுழைந்தார். எங்கிருந்து பார்க்கிறாள்? எப்படிப் பார்க்கிறாள்? திரும்பிப் பார்க்கவும் பயம், அசைந்தால் புல் காட்டிக்கொடுத்துவிடுமே. வெடிக்கும் என்று தெரிந்தே படுத்திருந்தார். வெடித்தது.

"என்னை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

இங்க வந்து பாருங்கண்ணே என்றாள். அவள் இன்னும் ஆட்டத்தை மூடவில்லை.

லேப்டாப் திரையில் அதே மலைச்சரிவு. வெறும் மண்ணாக, மொட்டையாகக் கிடந்தது. நட்டநடுவே ஒரு மனிதன் கையைத் தலையோடு சேர்த்துக் குப்புறக் கிடந்தான். ஒளிந்திருக்கிறவன் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"புல்லு எங்க?"

"அது நீங்க பாத்த ஸ்கிரீன்ல மட்டும்தாண்ணே. தூரத்துல இருக்கிறவனுக்கும், சின்ன மிஷின்ல ஆடுறவனுக்கும் இந்த கேம் புல்லு காட்டாது."

அவர் அந்தக் குப்புறக் கிடந்தவனையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று ஆட்டத்திலும் அவள் தன்னை இப்படித்தான் பார்த்திருக்கிறாள். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் எங்க ஒளியறது கோச்?"

நிஷா லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"எந்திரிச்சு ஓடியிருந்தீங்கன்னா, இதுல படம் திக்கியிருக்கும், உங்கள என்னால சுட்டிருக்கவே முடியாதுண்ணே."