ஆணியடித்த ஜன்னல்

குன்னூரில் ஓய்வுபெற்ற மேஜர் ஞானாபரணம் இருந்தார். மகள் எதிர்வீட்டுக்காரனைக் கட்டிக்கொண்ட கோபத்தில், அந்தப் பக்கத்து ஜன்னலை ஆணியடித்து மூடினார். கொஞ்ச நாளில் உள்சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை.

“ஜன்னலைத் தொடக் கூடாது. சுவர் காயணும். முடியலைன்னா வேலையை விட்டுப் போ,” என்றார் சமையற்காரி மாதியிடம்.

ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க, மாதி இரவில் சுவரில் அலுமினியத் தாளை ஒட்டிவைத்தாள். காலையில் தாளின் அறைப்பக்கம்தான் நீர் கோத்திருந்தது, சுவரை ஒட்டிய பின்புறம் உலர்ந்திருந்தது.

“மழைத்தண்ணி இல்லைங்க ஐயா. நாம விடுற மூச்சு, போக வழியில்லாம சுவத்துல தங்குது. ஜன்னலைத் திறக்க வேண்டாம். நாம மூச்சு விடாம இருந்தாப் போதும்.”

மேஜர் முறைத்தார். பிறகு ஆணியைத் தானே பிடுங்கினார். எதிரே மகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

சுவர் சீக்கிரமே காய்ந்தது.

“மூடிரலாங்களா ஐயா?”

மேஜர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னும் காயலை,” என்றார், சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்.