உப்பு வியாபாரியும் பத்துப் புளியங்கொட்டையும்

ராஜா கதையும் மந்திரி கதையும் கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும். சொல்லிச் சொல்லி எனக்கும் வாய் வலித்துவிட்டது. இன்றைக்கு ஓர் உப்பு வியாபாரியின் கதையைக் கேளுங்கள்.

சேர்த்த காசை எல்லாரும் பானையில் போட்டு அடுப்படியில் புதைத்து வைத்த காலம் அது. ஆலங்கரை என்ற ஊரில் திருமேனி என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு வீடு, ஒரு வண்டி, இரண்டு மாடுகள். வீடு சின்னது, ஒரே ஓர் அறைதான். வண்டி பழையது. மாடுகள் மட்டும் ஊரே கண் வைக்கிற மாடுகள். ஒன்றுக்குப் பெயர் மருதன், இன்னொன்றுக்குப் பெயர் செவலை. கடற்கரையில் உப்பை ஏற்றி மலையடிவாரம் வரைக்கும் போய் விற்று வருவார். மாடுகள் நடந்தால் வீட்டில் அடுப்பு எரியும், நடக்காவிட்டால் எரியாது. இதை மறந்துவிடாதீர்கள்.

அவருடைய ஒரே மகள் வெள்ளையம்மாவை மலையடிவாரத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் அங்கிருந்து ஆள் வந்தது. "உங்க பொண்ணுக்கு அஞ்சு மாசம்." கேட்டதும் திருமேனி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு வந்தார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அது வழக்கம்.

அவர் மனைவி பொன்னாத்தா அந்த ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தாள். சமைப்பது அங்கே, படுப்பது அங்கே, உப்பு மூட்டை அடுக்குவதும் அங்கேயே. "ஏங்க, பெத்த பிள்ளையோட எம்மகளை உப்பு மூட்டைக்குப் பக்கத்துலயா படுக்க வைப்பீங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுப்படியைத் தோண்டிப் பானையை எடுத்தார்கள். ஒன்பது வருஷச் சேமிப்பு. எண்ணிப் பார்த்தால் சரியாக நூறு பணம். வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி பதினாறு முழத்துக்கு ஓர் அறையை இழுத்துக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். எவ்வளவு ஆகும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே?

முதலில் வீரண்ணன் என்ற கொத்தனார் வந்தார். வந்தார் என்ன வந்தார், தெருவில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். "பதினாறு முழ அறைதானே? அறுபது பணம். கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்க" என்றார். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் திருமேனி இரண்டு பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டார். மிச்சம் நாற்பது பணம்! பொன்னாத்தா மட்டும் எதிர்வீட்டைக் கையால் காட்டினாள். அது வெற்றிலைக்காரர் வீடு. அங்கேயும் வீரண்ணன்தான் அறை கட்டப் போனார். நாற்பது பணம் என்றார். இடுப்பளவு சுவர் வந்ததும், "இன்னும் கொஞ்சம் ஆகும்" என்றார். வெற்றிலைக்காரர் பசுவை விற்றுக் கொடுத்தார். அதற்குப் பிறகும், "இன்னும் கொஞ்சம்" என்றார். இப்போது அந்த அரைச்சுவரில் பாகற்கொடி படர்ந்திருக்கிறது.

"காய் நல்லாத்தானே காய்க்குது" என்றார் திருமேனி. பொன்னாத்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரண்டியைக் கீழே வைத்த சத்தம்தான் கேட்டது.

அடுத்து சடையப்பன் என்ற கொத்தனார் வந்தார். வீட்டை மூன்று சுற்றுச் சுற்றினார். சுவரை மூன்று தட்டுத் தட்டினார். மூன்று செம்பு மோர் குடித்தார். பிறகு, "கையில எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நம் ஆள் சூதுவாது தெரியாதவர், நூறு என்றார். சடையப்பன் வானத்தைப் பார்த்து விரலை மடக்கி நீட்டிக் கணக்குப் போட்டுவிட்டு, "தொண்ணூத்தொம்பது ஆகும். ஒரு பணம் உங்க வெத்திலைச் செலவுக்கு வச்சுக்கங்க" என்றார்.

"இந்த மனுசன் நம்ம சுவரை அளக்கலைங்க, பானையை அளந்துட்டுப் போறாரு" என்றாள் பொன்னாத்தா.

மூன்றாவதாக அங்கம்மா வந்தாள். சுவர் வைக்கிற ஆட்கள் பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிறவள். முடிச்சுப் போட்ட கயிறு ஒரு கையில், புளியங்கொட்டைப் பை ஒரு கையில். கயிற்றால் அளந்தாள். பழைய சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, "எப்படி அறை வேணும்? மனசுல இருக்கிறதை எல்லாம் சொல்லுங்கய்யா" என்றாள்.

திருமேனிக்குக் கேட்க வேண்டுமா! "பதினாறு முழத்துக்கு ஓர் அறை. அப்படியே தெற்கே ஒரு ஜன்னல். ஜன்னல் வச்சா அப்படியே எதிரே ஒண்ணு. அப்படியே நிலைக்கு மேல ஒரு கிளி செதுக்கிட்டா அழகா இருக்கும். அப்படியே பின்னால ஒரு கதவு..."

அவர் சொல்லச் சொல்ல அங்கம்மா ஏதோ செய்துகொண்டே இருந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் கீழே பார்த்தார். தரையில் புளியங்கொட்டைக் குவியல் ஒன்று இருந்தது.

"இது என்னம்மா?"

"நீங்க 'அப்படியே'ன்னு சொன்னதுக்கெல்லாம் ஒவ்வொண்ணு போட்டேன்யா. இருபத்தொண்ணு இருக்கு. உங்க ஆசைப்படி கட்டினா நூத்தறுபது பணம் ஆகும்."

திருமேனிக்கு முகம் சுருங்கிவிட்டது. அங்கம்மா நூறு கொட்டைகளை எண்ணி எடுத்து மூன்று குவியலாகப் பிரித்தாள். "உங்க நூறு பணத்துக்குப் பத்து முழ அறைதான் வரும். இது எழுபது. செங்கல், சுண்ணாம்பு, மரம், ஓடு, கூலி, கண்ணுக்குத் தெரியிறது எல்லாம் இதுக்குள்ள. இது இருபது. மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அதுக்கு. இது பத்து. இது உங்க வாய்க்கு."

"என் வாய்க்கா?"

"வேலை நடக்கிறப்ப உங்க வாய் சும்மா இருக்காதுய்யா. யாருக்கும் இருக்காது."

வந்ததே கோபம் திருமேனிக்கு! இரண்டு நாள் வாசலுக்கும் தொழுவத்துக்குமாக நடந்தார். அறுபது சொன்னவன் இருக்கிறான், தொண்ணூற்றொன்பது சொன்னவன் இருக்கிறான், இவள் அறையையும் குறைத்து என் வாய்க்கும் விலை போடுகிறாளே என்று பொருமினார். மூன்றாம் நாள் காலையில் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். மருதன் அவர் கையை நக்கியது. எதிரே வெற்றிலைக்காரர் வீட்டில் மாடில்லாத கட்டுத்தறி நின்றது. வைக்கோலைப் போட்டதும் போடாததுமாக அங்கம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

வேலை தொடங்கியது. நூறு கொட்டைகளும் மூன்று சட்டிகளில் இருந்தன. ஒரு பணம் செலவானால் ஒரு கொட்டையை வெளியே எடுக்க வேண்டும் என்பது அங்கம்மா போட்ட கட்டளை.

அஸ்திவாரம் தோண்டிய மூன்றாம் நாள் கடப்பாரை தடாலென்று உள்ளே போயிற்று. எட்டிப் பார்த்தால் ஓர் ஆள் உயரக் குழி! எந்தக் காலத்திலோ அந்த மனையில் இருந்தவர்கள் வரகு கொட்டி வைத்த தானியக் குழி அது. மேலே மட்டும் மண்ணை மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவர் எழுப்பியிருந்தால் அதற்குள்தான் இறங்கியிருக்கும்.

திருமேனி நேரே தொழுவத்துக்குப் போனார். மருதனைப் பார்த்தார், செவலையைப் பார்த்தார். எதை விற்பது? எதை விற்றாலும் வண்டி நகராதே! மருதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தப் பெரிய மனுஷர் பொலபொலவென்று அழுதார்.

பின்னாலேயே வந்த அங்கம்மா, "என்னய்யா இங்க நிக்கிறீங்க? குழி அங்கல்ல இருக்கு" என்றாள்.

"எம்மாட்டை விக்கணுமேம்மா!"

"எதுக்கு விக்கணும்? மண்ணுக்குன்னு இருபது கொட்டை வச்சிருக்கோமே, மறந்துட்டீங்களா?"

திருமேனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை. குழிக்குள் கல்லும் சுண்ணாம்பும் போட்டு இடித்து நிரப்பினார்கள். பதினெட்டுப் பணம் ஆயிற்று. சட்டியில் இரண்டு கொட்டைகள் மிச்சம். அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

மண்ணாவது ஒரு தடவை வாய் திறந்தது. மனுஷ வாய் சும்மா இருக்குமா? சுவர் எழும்பியதும் பொன்னாத்தா, "அப்படியே ஒரு விளக்கு மாடம்" என்றாள். வாய்க்கென்று வைத்த சட்டியில் இரண்டு கொட்டை போயிற்று. ஓடு வேயும்போது திருமேனி, "அப்படியே தாழ்வாரத்தை ஒரு முழம் இழுத்துடலாம்" என்றார். மூன்று கொட்டை போயிற்று. நிலை வைக்கிற அன்று கிளி ஞாபகம் வந்துவிட்டது. ஒரே ஒரு கிளிக்குத் தச்சர் நான்கு பணம் வாங்கிக்கொண்டார். அதற்கும் நான்கு போயிற்று.

அப்போது பார்த்துப் பொன்னாத்தாவின் தம்பி மாயழகு வந்து சேர்ந்தான். அண்ணாந்து பார்த்தான். "என்ன மச்சான், ஒத்தக் கிளியா நிக்குது? பாவம், ஜோடி இல்லாம! இவ்வளவு செஞ்சீங்க, அப்படியே இன்னொண்ணு..."

திருமேனிக்கும் நாக்கு துறுதுறுத்தது. ஜோடியாக இருந்தால் அழகுதான். சட்டிக்குள் பார்த்தார். ஒரே ஒரு கொட்டை கிடந்தது. "மாப்ளே, அது தனியா இருந்தாத்தான் சண்டை இல்லாம இருக்கும்" என்று சொல்லிச் சட்டியை மூடினார். அவருக்கே ஆச்சரியம். அங்கம்மா சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தாள்.

பூச்சு காய்வதற்குள் மழை முந்திக்கொண்டு வந்தது. மண்ணுக்கென்று வைத்த சட்டியில் மிச்சமிருந்த இரண்டு கொட்டைக்கு ஓலைத் தட்டி வாங்கி ஈரச் சுவரை மறைத்தார்கள். சுவர் தப்பியது.

ஏழாம் மாதம் மருதனும் செவலையும் பூட்டிய வண்டியில் வெள்ளையம்மா வந்து இறங்கினாள். கை நிறைய வளையல். புது அறையைப் பார்த்தாள், மாடத்தைப் பார்த்தாள், கிளியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அறை ரொம்ப நல்லாருக்குப்பா. தூளி எங்க கட்டுறது?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். உத்தரத்துக்கு மேலே பலகை இறுக்கமாகப் படிந்திருந்தது. கயிறு நுழைய இடமில்லை. பிள்ளைக்கென்று கட்டிய அறையில் பிள்ளையின் தூளிக்கு ஒரு வளையம் இல்லை! விளக்குக்கு மாடம் கேட்ட பொன்னாத்தா மறந்துவிட்டாள். கிளி கேட்ட திருமேனி மறந்துவிட்டார். கூலி வாங்க வந்து நின்ற அங்கம்மாவும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இரும்பு வளையம் என்ன விலைம்மா?" என்று திருமேனி மெல்லக் கேட்டார்.

"கொல்லர் ஒரு பணம் கேப்பாருய்யா."

திருமேனி ஓடினார். சட்டியைத் திறந்து அந்தக் கடைசிக் கொட்டையை எடுத்து வந்து, அங்கம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். "அப்படியே ஒரு வளையம் மாட்டிடும்மா" என்றார்.

பத்தாம் மாதம் அந்த வளையத்தில் தூளி ஆடியது. தொழுவத்தில் இரண்டு மாடுகளும் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. யாருக்கும் ஒரு காசு பாக்கி இல்லை. நிலைக்கு மேலே கிளி இன்றைக்கும் ஒற்றையாகத்தான் நிற்கிறதாம்.

வீட்டில் ஓர் அறை கட்ட நினைக்கிறவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: கண்ணுக்குத் தெரிகிற செலவோடு, தெரியாத செலவுக்கும் தன் ஆசைக்கும் முன்கூட்டியே பங்கு ஒதுக்கிக் கணக்குப் போடுகிறவரே வேலையை நிம்மதியாக முடிப்பார்.