முதலாளி கேட்ட முழுச்சேலை

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்து, அந்தத் துணியை வீட்டிலேயே வெட்டித் தைத்துப் புது உடுப்பாக்கி விற்பவள் மாடத்தி. கோயில் விருந்தில் அவள் மகளின் பட்டுப் பாவாடையைக் கண்டதும் மில் முதலாளி சங்கரலிங்கம் பந்தியிலேயே கத்தினார்.

"இது எங்க வீட்டம்மா சேலை! இதை உடுத்தி எங்க வரிசையில உக்காருவாளா? கழட்டு! பழையபடி முழுச்சேலையா எனக்கு வந்தாகணும்!"

"நீங்க வேண்டாம்னு போட்டதுதானே மொதலாளி?" எத்தனை தடவைதான் சொல்வாள்? மனுஷன் காதில் வாங்கவே இல்லை. பிள்ளை அழுதது. மாடத்திக்குச் சலித்துப்போயிற்று.

"சரி, ஒட்டுத் தெரியாம முழுச்சேலையாவே தாரேன். அந்தப் பழஞ்சேலைக்கு நான் குடுத்த அண்டாவை நீங்க திருப்பித் தந்திருங்க."

"எந்த அண்டா?"

"அந்தா, சாம்பார் கொதிக்குதே, அதுதான். 'முதலாளி சங்கரலிங்கம் உபயம்'னு பேர் வெட்டியிருக்கு பாருங்க."

பந்தி மொத்தமும் அண்டாவைத் திரும்பிப் பார்த்தது. முதலாளி இலைமேல் குனிந்துகொண்டே பரிமாறுகிறவர்களிடம் சொன்னார்:

"பிள்ளைக்குச் சாம்பார் ஊத்துங்கப்பா."