மூன்றாம் கேமராவின் விளக்கு

“என் கேமரா டிவியில போகுதா இல்லையான்னு எனக்கே தெரியலைன்னா, நான் எப்படி மேடம் வேலை பாக்கது?”

கேட்டவர் சுடலையாண்டி. வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்தவர்.

கேட்கப்பட்டவர் பியூலா. வயது முப்பத்து நாலு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனைகளை நேரலையில் காட்டும் ஒரு சின்ன டிவிக்கு அவர்தான் இயக்குநர். கோயில் காம்பவுண்டுக்குள் நிற்கும் வேனில் உட்கார்ந்து, மூன்று கேமராக்களில் எதன் படம் வீடுகளுக்குப் போக வேண்டும் என்று பொத்தானை அழுத்துகிறவர்.

கேமராவின் மேல் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அது எரிந்தால் அந்தக் கேமராவின் படம் போகிறது என்று அர்த்தம். அணைந்தால் போகவில்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான்.

பியூலாவின் மூன்று கேமராக்களிலும் அந்த விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. ஹெட்செட்டிலாவது சொல்வாரா என்றால் அதுவும் கிடையாது.

“எரியிறது தெரிஞ்சா என்ன செய்வீங்க அண்ணாச்சி?” என்றார் பியூலா.

“நல்லா எடுப்பேன்.”

“தெரியலைன்னா?”

சுடலையாண்டி தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். 

பியூலா கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

*

சுடலையாண்டியைச் சும்மா சொல்லக் கூடாது. அழுகையைப் பிடிப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற நேரத்தில் அவர் கேமரா யாரும் சொல்லாமலே தகப்பனாரின் முகத்துக்குப் போய்விடும். அந்த மனிதர் மூக்கை உறிஞ்சும்போது ஜூம். கண்ணைத் துடைக்கும்போது இன்னும் ஜூம். வீடியோ வாங்க வருகிறவர்கள் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள்.

அவருக்கு இருந்த ஒரே குறை நேரலை தெரியாது என்பது. கல்யாணத்தில் தாலி கட்டுவது சரியாக விழவில்லையென்றால், “மாப்ள, கையை அப்படியே வச்சுக்கோங்க, இன்னொரு தடவை” என்று சொல்லிக்கொள்ளலாம். நேரலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் தன்னைவிடப் பதினேழு வயது சின்னவரிடம் வந்து சேர்ந்தார்.

வந்த முதல் நாளே மானம் கப்பலேறியது.

அன்று அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஆராதனை. அந்தக் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் அது உண்டு. ஐயர் பீடத்தின் முன்னால் நின்று அப்பத்தைப் பிட்டு உயர்த்தினார். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். சபை தலை குனிந்திருந்தது.

சுடலையாண்டிக்கு ஃபோகஸ் விழவில்லை.

கை தானாக எழுந்தது. ஒரு விரலைக் காட்டி, ‘இன்னொரு தடவை’ என்று ஐயருக்குச் சைகை செய்துவிட்டார்.

ஐயரும் எத்தனையோ கல்யாணம் நடத்தி வைத்தவர். கேமராக்காரர் விரலைக் காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் கைக்கும் தெரியும். மறுபடி உயர்த்திவிட்டார்.

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. சபையில் தலை நிமிர்ந்திருந்த நாலைந்து பேர் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

ஆராதனை முடிந்ததும், கிடைக்கப்போகும் திட்டுக்காக சுடலையாண்டி வேன் பக்கம் போய் நின்றார். பியூலா திட்டவில்லை.

“முதல் தடவை தூக்கினது யாருக்கு அண்ணாச்சி?”

“சாமிக்கு.”

“ரெண்டாவது தடவை?”

“டிவிக்கு” என்றார் சுடலையாண்டி.

“சரி. டீ குடிக்கீங்களா?”

*

இது நடந்து ஒரு மாதம் கழித்து, அடுத்த திருவிருந்து ஞாயிறு காலையில்தான் விளக்கைப் பற்றிய அந்தக் கேள்வி வந்தது. பதில் கிடைக்காத எரிச்சலோடு அவர் மூன்றாம் கேமராவுக்குப் போனார்.

மூன்றாம் கேமரா பாடகர் குழுவின் ஓரமாக நிற்கும். மற்ற இரண்டு கேமராக்களுக்கும் சபையாரின் முதுகுதான் தெரியும். பீடத்தின் முன்னால் முழங்காலிட வருகிறவர்களின் முகம் தெரிவது மூன்றாம் கேமராவுக்கு மட்டும்தான்.

சபையார் வரிசை வரிசையாக எழுந்து வந்தார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டிருந்தார்கள். முழங்காலிட்டு உள்ளங்கையை நீட்டினார்கள். அப்பம் வாங்கும் இந்த நேரத்தைப் பந்தி என்பார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். அப்பத்தை வாங்குவதற்கு முன்பே அவள் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

சுடலையாண்டியின் இருபத்தாறு வருஷமும் விழித்துக்கொண்டது.

ஜூம். முகம் முழுத் திரையையும் நிறைத்தது. கன்னத்தில் இறங்கிய ஒரு சொட்டு தாடையில் நின்று நடுங்கியது. ஃபோகஸ் முடியளவு பிசகவில்லை. இரண்டு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஹெட்செட்டில் சத்தமே இல்லை.

மேடம் அசந்து போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

*

ஆராதனை முடிந்தது. கேமராவை முக்காலியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் எதிரே வந்து நின்றாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

“அண்ணாச்சி, நான் டிவியில வந்தேனா?”

சுடலையாண்டி சிரித்தார். கல்யாண வீட்டில் இப்படிக் கேட்காத ஆளே கிடையாது.

“நல்லா வந்திருக்கீங்கம்மா. முகம் முழுசா.”

அவள் பக்கத்திலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா? என்ன செய்யுது?”

“எங்கம்மா பாத்திருப்பா அண்ணாச்சி. இடுப்பு ஒடிஞ்சு படுக்கையில கெடக்கா. நெஞ்சும் சரியில்ல. வாராவாரம் இந்த டிவிதான் அவளுக்குக் கோயில்.”

“பாக்கட்டுமே.”

“எனக்கு உடம்புல ஒரு கட்டி. செவ்வாக்கிழமை ஊசி குத்தி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புதாங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.” மூக்கைத் துடைத்தாள். “நான் அழுததைப் பாத்தா அவளுக்கு விளங்கிரும். அவ நெஞ்சு தாங்காது. வீட்டுல அழ முடியாதுன்னுதான் நான் இங்க வந்து அழுதேன்.”

அவள் பெயர் வயலட். அதைக்கூட அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த நிமிஷத்தில் சுடலையாண்டிக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லை. எடுத்த படம் கண்ணுக்கு முன்னால் நின்றது. முழுத் திரைக்கும் முகம். தாடையில் அந்தச் சொட்டு. அதை ஒரு கிழவி படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வயலட்டின் போன் அடித்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ‘அம்மா’ என்று இருந்தது.

அவள் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

“எடுங்கம்மா” என்றார் சுடலையாண்டி. 

வயலட் எடுத்தாள். கிழவிக்குக் காது மந்தம்போல. பேசியது மூன்று பெஞ்சு தள்ளிக் கேட்டது.

“ஏட்டி, எங்கட்டி உக்காந்திருந்த? உன்னையக் காணவே இல்லியே!”

வயலட் சுடலையாண்டியைப் பார்த்தாள்.

“பந்தி நேரம் முச்சூடும் ஒரே முதுகால்லா காட்டுதான்! எல்லாம் முக்காடு போட்ட முதுகு. எது நீ, எது கணக்கப்பிள்ளை பொண்டாட்டின்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எப்பவும் உக்காருத மூணாவது சன்னலையாவது காட்டுவான்னு பாக்கேன், ஒரு நாளும் காட்ட மாட்டேங்கான். சரி, வரும்போது மல்லித்தழை வாங்கிட்டு வா.”

போன் வைக்கப்பட்டது.

வயலட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுதாள். “மல்லித்தழை” என்றாள், யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி.

 சுடலையாண்டி பாடகர் குழுவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது என்று ஆட்கள் சொல்வது எதை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

*

வேனில் பியூலா கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மேடம், அந்தம்மா அழுததை நீங்க போடலியா?”

“போடலை.”

“கட்டி விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“என்ன கட்டி?”

சுடலையாண்டி சொன்னார். பியூலா கேபிள் சுற்றுவதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார்.

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி.”

“அப்போ ஏன் போடலை? படம் நல்லா இல்லியா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் பாத்ததுலயே நல்ல குளோசப் அதுதான்.”

“பிறகு ஏன் மேடம்?”

 அதுவரை அடக்கிவைத்திருந்த பயமெல்லாம் இப்போது கண் வழியாக இறங்கியது. ஐம்பத்தொரு வயது மனிதர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு விக்கினார்.

பியூலா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கேமராவைத் திறந்து, அழுகிற அந்த முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

சுடலையாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டார்.



துண்டை மெதுவாக இறக்கினார். பியூலா போனைப் பைக்குள் வைத்திருந்தார்.

“டீ குடிக்கீங்களா அண்ணாச்சி?”

*

மூன்றாம் மாதத் திருவிருந்து ஞாயிறு.

மணி அடிப்பதற்கு முன்னாலேயே வயலட் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். நடையிலேயே சேதி தெரிந்தது.

“வெறும் கொழுப்புக் கட்டிதானாம் அண்ணாச்சி. பயப்பட ஒண்ணுமில்லைன்னுட்டாங்க.”

“அப்பாடா!” என்றார் சுடலையாண்டி. கோயிலுக்குள் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஐயரே திரும்பிப் பார்த்தார்.

“அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ‘எங்கிட்ட மறைச்சியா’ன்னு ரெண்டு நாளா ஏச்சு.” சிரித்தாள். “இன்னைக்கு நான் அழுதா காட்டிக்கோங்க அண்ணாச்சி. நன்றி சொல்லத்தான் வந்திருக்கேன்.”

பந்தி நேரம் வந்தது. வரிசைகள் எழுந்தன. வயலட் முழங்காலிட்டாள். தோள் குலுங்கியது.

“அண்ணாச்சி,” என்றது ஹெட்செட், “எனக்கு ஒரு படம் தாங்க.”

பியூலா அதுவரை அவரிடம் படம் என்று கேட்டதே இல்லை.

அவர் கை ஜூமின் மேல் இருந்தது. எதிரே அந்த முகம். காட்டிக்கொள்ளலாம் என்று அவளே சொல்லியாகிவிட்டது.

சுடலையாண்டி கேமராவைத் திருப்பினார்.

பாடகர்களைத் தாண்டி, முதல் ஜன்னல், இரண்டாவது ஜன்னல். மூன்றாவது ஜன்னலில் நிறுத்தினார். அதன் கீழே பெஞ்சில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. கண்ணாடி வழியாக வந்த வெயில் அந்த இடத்தில் விழுந்து கிடந்தது. வெளியே வேப்பங்கிளை அசையும்போதெல்லாம் வெயிலும் அசைந்தது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அங்கேயே நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது.

*

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வயலட் போனை அவர் கையில் கொடுத்தாள்.

“அம்மா பேசணுமாம்.”

காதில் வைத்தார்.  மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் கிழவி தொண்டையைச் செருமினாள்.

“ஏ தம்பி, நீதான் சன்னலைக் காட்டினியா?”

“ஆமாம்மா.”

“கீழ்ச்சட்டத்துல நீலக் கண்ணாடி ஒண்ணு விரிஞ்சு கெடக்கு. ஐயர்ட்ட சொல்லி மாத்தச் சொல்லு. மழை பெஞ்சா என் எடம் நனைஞ்சிரும்.”

“சொல்லுதேம்மா” என்றார் சுடலையாண்டி. சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்க அவர் முயலவும் இல்லை.

வேன் பக்கம் வந்தார். பியூலா படியில் உட்கார்ந்திருந்தார். இடது உள்ளங்கையை நீட்டி விரித்தார். அதில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒன்று சுருண்டு கிடந்தது.

“காலையிலயே உங்க கேமராவுல இருந்து உரிச்சுட்டேன் அண்ணாச்சி. ஜன்னலைக் காட்டினப்போ விளக்கு எரிஞ்சதா?”

சுடலையாண்டி அந்த டேப்பைப் பார்த்தார். யோசித்தார். தலையைச் சொறிந்தார்.

“நான் பாக்கலையே மேடம்.”