வெளிச்சத்துக்கு முறை வைத்தவர்கள்

செவ்வூரணிக் கண்மாய்க் கரையில் அன்று காலை இருந்தவர்கள்: பாசன சங்கத் தலைவர் வீரணன், மேல்மடை நிலக்காரர் ஒய்யப்பன், கடைமடை நிலக்காரர் சூசை, ஊர் நீர்க்கட்டி சாத்தையா. ஆள் நாலு. ஒய்யப்பனின் எருமையும் இருந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் வந்ததை வரவில்லை என்று சொல்லக்கூடாது.

கூடியதற்குக் காரணம் மடைப் பலகை. அது இற்றுப்போய் மூன்று வருஷம். கண்மாயில் தண்ணீர் நிற்கும்போதெல்லாம் சாத்தையாதான் ஓட்டையில் வைக்கோலைத் திணித்து, அது பிய்த்துக்கொண்டு போகாமல் முதுகைக் கொடுத்து நிற்பார். புதுப் பலகை வந்தால் முதுகு தப்பும். வராவிட்டால் வேலையை விட்டுவிடும்படி வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வயலுக்கு வயல் தண்ணீர் பங்கு வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது.

பலகை கேட்டு மேலிடத்துக்கு எழுத வேண்டுமென்றால் கரை முழுக்க ஒரே படமாக வேண்டும் என்றிருந்தார் பொதுப்பணித்துறை இன்ஜினியர். கரை நீளம், போன் சின்னது. தலைவர் எதிரே நின்று இடமிருந்து வலமாக ஐந்து துண்டாக எடுத்து அனுப்பினார். உடனே இன்ஜினியர் போனில் வந்தார்.

"மேல்மடைப் பக்கம் வெளிச்சம் அதிகம், கடைமடைப் பக்கம் இருட்டு. ஒட்டினா கோடு கோடாத் தெரியுது. அஞ்சு படத்துலயும் வெளிச்சத்தைச் சமப்படுத்தி அனுப்புங்க."

தலைவர் போனை வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் சாத்தையாவைப் பார்த்தார்கள். அந்த ஊரில் எதையும் சமமாகப் பங்கு வைக்கிறவர் அவர்தான்.

சாத்தையா தலையைச் சொறிந்தார். "தண்ணிக்குச் செய்யறதுதான் தலைவரே. மேல அடைச்சு, மிச்சத்தைக் கீழ திருப்பணும். ஒரு படத்துக்கு ஒரு முறை."

"தண்ணியிலதான் எனக்குக் குறைச்சல்னு நெனச்சேன். வெயில்லயுமா?" என்றார் சூசை.

"நானா போய் அள்ளிட்டு வந்தேன்? அதுவா விழுது மாப்ளே" என்றார் ஒய்யப்பன்.

"விழுந்ததைத் திருப்பி விட்டிருக்கலாமே மாமா."

மேல்மடையில் தார்ப்பாய் கட்டினார்கள். தலைவர் வீட்டு நிலைக்கண்ணாடியைத் தூக்கி வந்து ஒய்யப்பன் கையில் கொடுத்தார்கள். கண்ணாடியிலிருந்து வெளிச்சம் புறப்பட, அதற்கு முன்னால் சாத்தையா மண்வெட்டியோடு நடந்தார். வழியில் செடி செத்தையை ஒதுக்கினார். கடந்து வந்த வெளிச்சம் திரும்பி ஓடிவிடாமல் பின்னால் சின்ன வரப்பு போட்டார். ஒவ்வொரு படத்துக்கும் உரிய இடத்தில் நின்று, "வந்துருச்சு" என்று குரல் கொடுத்தார். தலைவர் எடுத்தார்.

நாலாவது இடத்தில் எருமை நின்றது.

"அது மேல விழுந்த வெளிச்சம் வெளிய வரலையே" என்றார் தலைவர்.

சாத்தையா எருமையைச் சுற்றி வந்து பார்த்தார். "குடிச்சிருச்சு."

"அப்ப மாமா கணக்குல கழிச்சுக்கங்க" என்றார் சூசை.

எருமையை ஓட்டிவிட்டு ஐந்தாவது இடத்துக்குப் போனபோது மேகம் மூடிக்கொண்டது. கண்ணாடியில் ஒன்றும் இல்லை. ஒய்யப்பன் அதைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். அப்போதும் இல்லை.

"கடைமடைக்கு வரும்போது நின்னு போறதுதானே வழக்கம்" என்று சூசை உட்கார்ந்துவிட்டார்.

சாத்தையாவுக்குப் பலகை கை நழுவுவது போல இருந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "வறட்சி வருஷத்துல ஒருத்தருக்கும் தண்ணி இல்ல. அப்ப யாரும் சண்டை போடலையே. எல்லாருக்கும் இல்லைன்னா அதுவும் சமம்தான்."

சூசை எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை யாரும் கண்டதில்லை.

மேகத்தடியில் ஐந்து படத்தையும் முதலிலிருந்து எடுத்தார்கள். பங்கு வைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் முறை தவறக்கூடாது என்று சாத்தையா ஐந்து இடத்திலும் மண்வெட்டியோடு போய் நின்றார்.

ஒட்டின படம் வந்தது. வெளிச்சம் பிசிறில்லாமல் இருக்கிறது, பலகை வரும் என்று இன்ஜினியர் சொல்லியனுப்பினார். சங்கத்தில் படத்தை மாட்டி, நீர்க்கட்டிக்குத் துண்டு போடத் தீர்மானித்தார்கள். எத்தனை துண்டு வாங்குவது என்று படத்தைப் பார்த்த தலைவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நமக்கு நீர்க்கட்டி ஒருத்தர்தானே?"

"ஒருத்தருக்குத்தான் கூலி நெல் அளக்குறோம்" என்றார் ஒய்யப்பன்.

"கரையில அஞ்சு பேர் நிக்கிறாங்களே."

சாத்தையா கிட்டப்போய் எண்ணினார். ஐந்துதான். "ஒருத்தன் நெல்லை அஞ்சு பேர் தின்னுருக்கானுக. அதான் எனக்கு வயித்துக்குப் பத்தல."

புதுப் பலகை வந்தபின் ஒரு ஆள் போதும். ஐந்து பேருக்கும் துண்டு போட்டு மரியாதையாக நாலு பேரை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. ஆள் அடையாளம் தெரிந்தவர் என்பதால் சாத்தையாவிடமே ஐந்து துண்டையும் கொடுத்தனுப்பினார்கள்.

படத்தில் இருந்த ஐந்து இடத்துக்கும் அவர் போனார். திரும்பி வரும்போது முகம் வாடியிருந்தது.

"ஒருத்தரும் இல்ல தலைவரே. பலகை வர்ற நேரத்துல அஞ்சு பேரும் வேலையைப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

சங்கம் திகைத்தது. நீர்க்கட்டி இல்லாமல் பலகையை யார் திறப்பது?

சாத்தையா கூச்சத்தோடு தொண்டையைக் கனைத்தார். "இடம் காலின்னா என்னைச் சேத்துக்கங்க. எனக்கு வேற வேலை தெரியாது."

"முன்னாடி பாத்த அனுபவம் உண்டா?" என்றார் தலைவர்.

"அவங்க கூடவேதான் இருந்தேன்."

சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கு ஒரு துண்டு போடலாமா என்று சூசை கேட்டார். இன்றைக்கு வேலைக்கு வந்தவருக்கு இன்றைக்கே மரியாதை செய்வது முறையல்ல என்று முதலில் சொன்னவர் சாத்தையாதான்.

மீதி, துண்டு ஐந்து.